கேள்வி பதில்: வரிக்கு வரி அடைப்புக்குறி போடணுங்களா?

கேள்வி: ஈரோட்டு மஞ்சள் வியாபாரம் பற்றி முனைவர் பட்டத்துக்கு எழுதுறேனுங்க. முதல் இயலைக் கொடுத்தேன், நெறியாளர் பக்கத்துக்குப் பத்து இடத்தில் சிவப்பு மையில் சுழித்து 'சான்று எங்கே?' என்று திருப்பிவிட்டார். கடைசியில்தான் 60 நூல்களின் பட்டியல் இருக்கிறதே, உள்ளேயும் போடணுங்களா?
(ஆய்வு மாணவி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: போடணும் அம்மணி. மண்டிக்கு வந்த அறுபது பேர் மஞ்சளையும் ஒரே குவியலாகக் கொட்டிவிட்டு வாசலில் பேர்ப்பட்டியல் ஒட்டினால், எது யாருடையது என்று எப்படித் தெரியும்? வரிக்கு வரி வேண்டியதில்லை. ஈரோடு மஞ்சளுக்குப் பேர்போன ஊர் என்பதற்கு யாரும் சான்று கேட்கப் போவதில்லை. அதே மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று எழுதினால், எங்கே பார்த்தீர்கள் என்பது அந்த இடத்திலேயே வர வேண்டும். விலை, வரத்து, இன்னொருவர் கருத்து எல்லாம் இப்படித்தான். சான்று காட்டுவதற்கு ஏபிஏ (APA), எம்எல்ஏ (MLA) என்று இரண்டு முறைகள் உண்டு. ஏபிஏ முறை என்றால் அடைப்புக்குறிக்குள் நூலாசிரியர் பெயர், ஆண்டு, அவர் சொன்னதைச் சொல் மாறாமல் எடுத்தால் பக்க எண்ணும். எம்எல்ஏ என்றால் பெயரும் பக்கமும் போதும். ஏதாவது ஒன்றில் நில்லுங்கள்.

பார்க்காத நூலைப் பார்த்த மாதிரி போடுவதுதான் பெரிய வம்பு. நானும் மாட்டியிருக்கிறேன். யாரோ ஒருவருடைய அடிக்குறிப்பிலிருந்து ஒரு பழைய நூலை அப்படியே தூக்கி என் பட்டியலில் வைத்தேன், வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் அந்த நூலையே கையில் கொண்டுவந்து 'இந்த வரி எந்தப் பக்கம் தம்பி?' என்றார். அதில் அந்த வரியே இல்லை.

சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் நம் கொங்குநாட்டு நிரம்பை ஊர்க்காரர். பழைய நாடக நூல்களைப் பற்றிச் சொல்லும்போது, பரதம், அகத்தியம் போன்றவை இறந்தன, அதாவது அழிந்துபோயின என்கிறார். குணநூல், செயிற்றியம் போன்றவற்றில் சில சூத்திரங்கள் மட்டும் வழக்கில் இருக்கின்றன, முதலும் நடுவும் இறுதியும் காணாததால் அவையும் இறந்தன போலும் என்கிறார். அப்புறம், தான் துணைக்கொண்ட இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு முதலான ஐந்தைப் பெயர் சொல்லிவிட்டு, இவையும் முழுக்கப் பொருந்துபவை அல்ல, ஓரளவு ஒப்புமைக்காகத்தான் என்றும் ஒப்புக்கொள்கிறார். எது கையில் இருக்கிறது, எது இல்லை என்று பிரித்துச் சொல்ல அவருக்கு ஏபிஏ கையேடு தேவைப்படவில்லை. நீங்களும், மூல நூல் கிடைக்காவிட்டால் யார் எடுத்துக்காட்டியதைப் படித்தீர்களோ அவர் பெயரையும் சேர்த்து 'இன்னாருடைய நூலில் காட்டியபடி' என்று எழுதுங்கள். பட்டியலில் நீங்கள் படித்த நூல் மட்டும் வரட்டும்.

கேள்வி: எங்க அப்பாரு (தாத்தா) மஞ்சள் மண்டியில் 40 வருஷம் இருந்தவருங்க. அவர் சொன்னதை எப்படிக் காட்டுவது?

பதில்: போகிற போக்கில் கேட்ட ஒரு தகவல் என்றால் அவர் பெயர், 'நேர்ப்பேச்சு', தேதி மூன்றும் உள்ளே போதும், ஏபிஏ முறையில் பட்டியலில் வராது. முறையாகப் பேட்டி கண்ட வியாபாரிகளில் அவரும் ஒருவர் என்றால் அவர் பேச்சு உங்கள் தரவு. அதற்கு மேற்கோள் குறிப்பு போடுவதில்லை, எத்தனை பேரை, எப்போது, எப்படிப் பேட்டி கண்டீர்கள் என்று ஆய்வுமுறை இயலில் சொல்லிவிடுங்கள். சொந்தத் தாத்தா என்பதையும் மறைக்க வேண்டாம்.

கேள்வி: 10 சதவீதத்துக்குள் இருந்தால் காப்பியடித்தாலும் பரவாயில்லை என்கிறார்களே?

பதில்: பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி, பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை, அதைத் தாண்டி 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். முறையாகச் சான்று காட்டிய மேற்கோள் அந்தக் கணக்கிலேயே வராது. அப்புறம் எதற்கு ஒளிவுமறைவு?

கேள்வி: இனிஷியலை எங்கே போடுவது?

பதில்: நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இயற்பெயர் முதலில், காற்புள்ளி, இனிஷியல். நூற்பட்டியல் போட்டுத்தரும் ஜோட்டிரோ (Zotero) மாதிரி மென்பொருளில் இனிஷியலை விரித்துக் கடைசியில் போட்டால், அதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு உங்கள் அப்பாவை ஆசிரியராக்கிவிடும். பாவம், அவர் ஒரு பக்கம்கூட எழுதியிருக்க மாட்டார்.