பதின்மூன்று எண்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

காரைக்குடிப் பக்கம் ஊர். மெக்கானிக்கல் முடித்து ஒரு வருடம் ஆகிறது. மின்வாகன பேட்டரித் துறையில் இப்போதே நுழைந்தால் முதல் வரிசையில் நிற்கலாம் என்கிறார்கள். எனக்கும் அதுதான் ஆசை. இந்தக் காரணம் போதுமா? எந்தச் சான்றிதழ் படிப்பு நல்லது? சம்பளம் எவ்வளவு கிடைக்கும்?

கே.

அன்புள்ள கே.,

சம்பளத்தை வேலை கொடுப்பவரிடம் கேளுங்கள். சான்றிதழ் பிறகு. ‘முதல் வரிசை’ என்கிறீர்களே, அதுதான் உறுத்துகிறது. லித்தியம் அயனி பேட்டரியை சோனி 1991இலேயே சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது. மின்வேதியியலுக்கென்றே காரைக்குடியில் இருக்கிறதே சிக்ரி ஆய்வு நிலையம், அதற்கு நேரு அடிக்கல் நாட்டியது 1948இல். வரிசை ரொம்ப நாளாக நிற்கிறது தம்பி.

ஆசைப்படுவதில் தப்பில்லை. ஒரு வருடம் வீட்டிலிருக்கும் பிள்ளையிடம் உறவுக்காரர்கள் என்னென்ன கேட்பார்கள் என்று தெரியும். ஆனால் அந்த வேலை அன்றாடம் எப்படியிருக்கும் என்று பார்த்துவிட்டு ஆசைப்படுங்கள்.

48 வோல்ட் பேட்டரி பேக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பேரலலில் (பக்க இணைப்பில்) நான்கு நான்கு செல்லாக 13 குழுக்கள், அவை சீரிஸில் (தொடர் இணைப்பில்); மொத்தம் 52 செல். ஒரே ஒரு குழு நோஞ்சானாக இருந்தால் போதும். சார்ஜ் ஏறும்போது அதுதான் முதலில் 4.2 வோல்ட்டைத் தொடும், பேட்டரியைக் காவல் காக்கும் மின்பலகையான பி.எம்.எஸ். நிறுத்திவிடும். ஓடும்போதும் அதுதான் முதலில் வடியும், மறுபடி நிறுத்தம். மற்ற 12 குழுக்களும் நன்றாக இருந்து என்ன பயன்? ‘ஃபுல் காட்டுது, பாதி தூரம்தான் போகுது’ என்று வண்டிக்காரர் வந்து நிற்பார். அரைகுறை ஆள் உடனே பி.எம்.எஸ்.ஸை மாற்றுவான். அபத்தம்!

கோளாறு எதுவென்று தெரிய, சார்ஜ் நின்றதும் ஒருமுறை, வடிந்து நின்றதும் ஒருமுறை, 13 குழுக்களின் வோல்டேஜையும் எழுத வேண்டும். ஒரு குழு இரண்டு முறையும் தாழ்ந்திருந்தால் அது வெறும் ஏற்றத்தாழ்வு, குழுக்களைச் சமப்படுத்தும் பேலன்ஸிங் சரிசெய்யும். ஆனால் நிறைந்த குழுக்களின் சார்ஜை 50 மில்லி ஆம்பியரில் கசியவிட்டுச் சமப்படுத்தும் பி.எம்.எஸ். பலகைக்கு 1 ஆம்பியர்-மணி வித்தியாசத்தைத் தீர்க்க 20 மணி நேரம் வேண்டும். பச்சை விளக்கு எரிந்ததுமே பிளக்கைப் பிடுங்குகிறவர்களுக்கு அது எப்போது நடக்கும்? அதுவே ஒரு குழு ஏறும்போது உச்சியிலும் வடியும்போது அடியிலும் இருந்தால் கொள்ளளவு போய்விட்டது, எவ்வளவு பேலன்ஸ் செய்தாலும் மீளாது. சரிசெய்த குழு சில வாரத்தில் தானாகவே மறுபடி தாழ்ந்தால், அந்த நான்கில் ஏதோ ஒரு செல் உள்ளுக்குள் கசிகிறது.

தெரிந்த சர்வீஸ் கடையில் கேட்டு ஒரு பழைய பேக்கில் இதை அளந்து பாருங்கள். செல்களைத் தொட வேண்டாம், பி.எம்.எஸ்.ஸுக்குப் போகும் 14 மெல்லிய ஒயர்களின் கனெக்டரில் மீட்டர் முனைகளை அடுத்தடுத்த இரண்டிரண்டாக வைத்தால் போதும். மீட்டர் முனை வழுக்கி இரண்டு பின்களைச் சேர்த்தால் ஷார்ட், அதனால் நுனி மட்டும் தெரியும்படி டேப் சுற்றிக்கொள்ளுங்கள். கையில் மோதிரம் இருந்தால் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.