மிஞ்சிய விசேஷச் சாப்பாடு: வாசலில் ஃபிரிட்ஜ் வைக்கலாமா?

கேள்வி: வேளச்சேரியில் எங்கள் குடியிருப்பில் சுமார் 120 வீடுகள். உள்ளேயே பார்ட்டி ஹால் இருப்பதால் அடிக்கடி விசேஷம் நடக்கிறது, சாப்பாடு மிஞ்சுகிறது. பின்தெருவில் இருக்கும் ஏழைக் குடும்பங்களுக்காக வாசலில் ஒரு பொது ஃபிரிட்ஜ் வைக்கலாம் என்று அசோசியேஷனில் பேச்சு. சாப்பிட்டவருக்கு வாந்திபேதி வந்தால் யார் பொறுப்பு என்று சிலர் பயப்படுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: ஃபிரிட்ஜ் இப்போதைக்கு வேண்டாம். சென்னையில் பெசன்ட் நகரில் 2017-இல் வைத்த ‘ஐயமிட்டு உண்’ ஃபிரிட்ஜைப் பார்த்துத்தான் பலருக்கும் இந்த ஆசை வருகிறது. ஆனால் அங்கே என்ன வருகிறது, எப்போது வருகிறது என்று கவனிக்க ஆள் வைத்திருந்தார்கள். உங்கள் வாட்ச்மேனுக்குக் கேட்டைத் திறக்கவும் கூரியர் வாங்கவுமே நேரம் சரியாக இருக்கும். கேட்பாரில்லாத ஃபிரிட்ஜில் ஒரே வாரத்தில் யாருடையது என்றே தெரியாத டப்பாக்கள் சேர்ந்துவிடும்.

அதோடு, ஒரு அண்டா சோற்றை அப்படியே ஃபிரிட்ஜில் வைத்தால் நடுப்பகுதி ஆறவே பல மணி நேரம் ஆகும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சோற்றில் இன்னொரு சிக்கலும் உண்டு. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. வெதுவெதுப்பான சோற்றில் அவை முளைத்து நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு, சோற்றைத் திரும்பச் சுட வைத்தாலும் போகாது. வாசனையிலும் தெரியாது. ‘மோந்து பார்த்தேன், நல்லாத்தான் இருந்தது’ என்பது சோற்றுக்குச் செல்லாது.

ஆகவே கடிகாரத்தைப் பாருங்கள். சமைத்த உணவு அடுப்பை விட்டு இறங்கி நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிடுபவர் கைக்குப் போய்விட வேண்டும். பதினொன்றரைக்கு இறக்கிய சாப்பாட்டுக்கு, கடைசிப் பந்தி முடிந்து நாலு மணிக்குப் போன் செய்வதில் பயனில்லை. ஒரு மணிக்கே சமையல் மாஸ்டரிடம் கேளுங்கள். எவ்வளவு மிஞ்சும் என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்கும். கரண்டி படாத பாத்திரத்தை மட்டும் தனியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பஃபே தட்டில் இருந்தது, இலையில் பரிமாறியது எதுவும் கூடாது. தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு, அவியல், சட்னி, பால் பாயசம் எல்லாம் முதலில் ஊசிப்போகும் சாமான்கள். அவற்றைக் கொடுக்காமல் இருப்பதே மரியாதை. புளியோதரை கொஞ்சம் தாங்கும்.

சரி, யாருக்குக் கொடுப்பது? இதைத்தான் பலரும் கடைசியில் யோசிக்கிறார்கள். பின்தெருவுக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். அம்மா உணவகத்தில் 2013 முதல் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய். அரசுப் பள்ளியில் மதிய உணவு உண்டு. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2022-லிருந்து காலை உணவும் உண்டு. அப்படியென்றால் பசி எங்கே இருக்கிறது? பெரும்பாலும் இந்த ஏற்பாடுகளின் இடுக்குகளில். உணவகம் வரை நடக்க முடியாத தனிக்கட்டைப் பாட்டி, இங்கே ரேஷன் வாங்கத் தெரியாத வெளிமாநிலத் தொழிலாளி, பள்ளி மூடிய மே மாதத்தில் பிள்ளைகள், மழை வந்து கூலி வேலை நின்ற வாரம். இவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி திடீரென்று வருவதைவிட, வாரம் மூன்று நாள் தவறாமல் வரும் முட்டையும் காய்கறியும் அதிகம் உதவும். என்னைக் கேட்டால், மிச்சத்தை நம்பாமல் இதற்கென்றே கொஞ்சம் பணம் ஒதுக்கி, பக்கத்து மெஸ்ஸில் சொல்லி மதியம் பத்துப் பொட்டலம் கட்டச் சொல்வேன். தெருவை அறிந்த அங்கன்வாடிப் பணியாளரோ மகளிர் குழுவோ யாருக்குப் போக வேண்டும் என்று சொல்வார்கள். உங்கள் பட்டியலைவிட அவர்கள் பட்டியல் சரியாக இருக்கும்.

விசேஷச் சாப்பாட்டுக்கு ஒரு தொண்டு அமைப்போடு சேர்ந்துகொள்ளுங்கள். கோவையில் 2014-இல் தொடங்கிய ‘நோ ஃபுட் வேஸ்ட்’ இதே வேலையைச் செய்கிறது: மண்டபத்தில் வாங்கி, பசித்தவர்கள் இருக்கும் இடங்களை முன்பே குறித்து வைத்துக்கொண்டு அங்கே கொண்டுபோய்க் கொடுப்பது. எந்த அமைப்பானாலும் முதல் நாளே இரண்டு விஷயம் கேளுங்கள். குறைந்தது எத்தனை பேர் சாப்பாடு இருந்தால் வண்டி அனுப்புவார்கள்? போன் செய்து எவ்வளவு நேரத்தில் வருவார்கள்? இரண்டு மணி நேரம் என்றால் வேறு ஆளைத் தேடுங்கள்.

இனி பொறுப்பு. இலவசம்தானே என்று சட்டம் விட்டுவிடாது. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டம், லாப நோக்கம் இல்லாத முயற்சியையும் உணவுத் தொழில் என்றே கணக்கில் எடுக்கிறது. மிஞ்சிய உணவை வாங்கி விநியோகிப்பதற்கென்றே 2019-இல் தனி விதிமுறைகளும் வந்தன. அதனால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ உள்ள அமைப்பிடம் மட்டும் கொடுங்கள், அந்தச் சான்றின் நகலை வாங்கி வையுங்கள். ஒவ்வொரு பாத்திரத்திலும் என்ன உணவு, சைவமா அசைவமா, எப்போது சமைத்தது, எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டு ஒட்டுங்கள். கொடுத்த நேரத்தையும் வாங்கியவர் கையெழுத்தையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தால், பிறகு கேள்வி வந்தாலும் காட்டுவதற்கு ஏதாவது இருக்கும்.

மூன்று மாதம் இப்படி ஓடட்டும். அப்போதும் ஃபிரிட்ஜ் வேண்டும் என்று தோன்றினால், தினமும் காலையில் அதைத் திறந்து பார்த்துத் துடைக்கப் போவது யார் என்பதை அசோசியேஷன் கூட்டத்தில் பெயரோடு முடிவு செய்துவிட்டு அப்புறம் வாங்குங்கள்.