மாடியில் ஒரு பர்மாப் பெண்

கேள்வி: அழகப்பா பல்கலைக்கழகத்தில் படிக்க மியான்மரிலிருந்து வந்த பெண் எங்கள் மாடியில் குடியிருக்கிறாள். வாரம் இருமுறை தன்னோடு ஆங்கிலத்தில் பேசச் சொல்கிறாள். என் பள்ளிக்கூட ஆங்கிலம் போதுமா? என்ன பேசுவது?
– வாசகி, காரைக்குடி

பதில்: தாராளமாகப் போதும், ஆச்சி. வாத்தியார் அவளுக்கு வகுப்பில் இருக்கிறார்; இல்லாதது பேச்சுத்துணை. நாளையும் நேரத்தையும் மட்டும் மாற்றாதீர்கள்.

என்ன பேசுவதா? உங்கள் வீட்டுத் தூண்கள் பர்மாத் தேக்காக இருந்தால், அவள் ஊர் மரமாயிற்றே! ரங்கூன் மொகல் தெருவுக்குக் கொண்டுவிற்கப் போன (தொழில் செய்யப் போன) அய்யாக்கள் கதையைச் சொல்லுங்கள். அதற்கு இப்போது ஷ்வே போன்தா தெரு என்று பெயர். இன்று எப்படி இருக்கிறதென்று அவள் சொல்லட்டும். ஒருநாள் ஆத்தங்குடிக்குக் கூட்டிப்போங்கள். கண்ணாடி மேல் சாயச் சிமெண்ட் ஊற்றித் தரைக்கல் செய்வதைப் பார்த்துவிட்டு, முதலில் என்ன செய்தார்கள், பிறகு என்ன என்று கேட்டால் இறந்தகால வினைகள் தானாக வந்து விழும்.

நடுவில் திருத்தாதீர்கள். முடித்தபின் ஒன்றிரண்டு பிழை போதும். வார்த்தை கிடைக்காமல் அவள் விழித்தால் எடுத்துக்கொடுக்க வாய் துடிக்கும் (எனக்கும் அந்தப் புத்தி உண்டு), கொஞ்சம் பொறுங்கள். பலகாரம் கொடுக்காமல் இருக்கமாட்டீர்கள், தெரியும். வெள்ளைப் பணியாரம் வாயில் இருக்கும்போது மட்டும் கேள்வி கேட்காதீர்கள்.