பச்சை ஸ்க்ரீன் சும்மா சும்மா அறுந்துபோகுது, கேட்வே வாங்கவேணுமா?

கேள்வி: வவுனியாவில ஒரு லீசிங் கம்பனி பிராஞ்சைப் பாக்கிறன். கொழும்பு ஹெட் ஒபிஸில இருக்கிற ஏஎஸ்400ல (பச்சை எழுத்து ஸ்க்ரீனால பாவிக்கிற ஐபிஎம் மெஷின்) ஆறு பேர் இங்கயிருந்து வேலை செய்யினம். லீஸ் லைனை நிப்பாட்டிப்போட்டு ஃபைபர் இன்டர்நெட்டில விபிஎன் (இன்டர்நெட்டுக்குள்ள மறைச்சுப் போற தனிப் பாதை) போட்டதில இருந்து, கொஞ்சநேரம் கீபோர்டைத் தொடாட்டி ஸ்க்ரீன் அறுந்துபோகுது. திருப்பி உள்ள போனா 8902 எண்டு காட்டி விடுகுதில்ல. சப்ளையர் ஒராள் கேட்வே சேர்வரும் (பீசிக்கும் மெஷினுக்கும் நடுவில நிண்டு இணைக்கிற பெட்டி) ஆளுக்கொரு லைசன்ஸும் எடுக்கச் சொல்றார். எடுக்கிறதா?

பதில்: எடுக்காதேங்கோ. கொட்டேசனில இன்னும் சைன் வைக்கேல்லத்தானே?

ஒருகாலத்தில உந்த மெஷின்கள் எஸ்என்ஏ (ஐபிஎம்மின்ட சொந்த நெட்வேர்க் பாஷை) மட்டும்தான் கதைக்கும், அப்ப நடுவில கேட்வே ஒண்டு இல்லாம பிராஞ்சில இருக்கிற பீசி உள்ள போக ஏலாது. ஆனா 1991லயே ஆர்எஃப்சி 1205 எண்ட இன்டர்நெட் ஆவணத்தில, 5250 ஸ்க்ரீனை (உங்கட அந்தப் பச்சை ஸ்க்ரீன்தான்) டெல்நெட்டில, அதாவது சாதாரண இன்டர்நெட் கனெக்சனில, எப்பிடி அனுப்புறது எண்டு எழுதி வச்சிட்டாங்கள். இப்ப டெல்நெட் சேர்வர் மெஷினுக்குள்ளயே இருக்கு. உங்கட ஆறு பேருக்கும் சைன் ஒன் ஸ்க்ரீன் வருகுதெண்டாலே அவை அதாலதான் போகினம், பிறகென்னத்துக்கு இன்னொரு பெட்டி? லைசன்ஸும் அப்பிடித்தான், ஹெட் ஒபிஸ் ஏற்கனவே எத்தினை எடுத்து வச்சிருக்கெண்டு முதல்ல கேளுங்கோ, சப்ளையரிட்ட கேக்காதேங்கோ.

அறுகிற விசயத்துக்கு ஒரு கேள்வி போதும். கொழும்பில இருக்கிறவைக்கும் அதேயளவு நேரம் கீபோர்டைத் தொடாட்டி அறுகுதா? அறுகுதெண்டா அது மெஷினில வேணுமெண்டு வச்ச டைம்அவுட், ஓடிட்காரர் கேட்டு வச்சிருப்பினம், விட்டிடுங்கோ. உங்களுக்கு மட்டும் எண்டா நடுவில நிக்கிற ரவுட்டரோ ஃபயர்வோலோதான் ஆள், கொஞ்சநேரம் ஒண்டும் போய்வராட்டி அது அந்தக் கனெக்சனை மறந்திடும், ஆனா ரெண்டு பக்கத்துக்கும் சொல்லாது. மெஷின் தானா "இருக்கிறியா" எண்டு கேக்கிறது வழமையா 600 செக்கனுக்கு ஒருக்கா, ரவுட்டர் அதுக்கு முதலே மறந்திட்டா சரி, கதை முடிஞ்சுது. அதை 120 ஆக்கச் சொல்லுங்கோ, டெல்நெட் சேர்வரை நிப்பாட்டிப் போட்டாத்தான் பிடிக்கும், அதால ஒபிஸ் மூடினாப் பிறகு செய்யட்டும். எமியூலேட்டரில (பீசியில பச்சை ஸ்க்ரீனைக் காட்டுற ப்ரோகிராம்) கீப்அலைவ், அதாவது பீசி தானா "இருக்கிறியா" எண்டு கேக்கிறதுக்கு, டிக் போட்டாச் சரியெண்டு சில பேர் சொல்லுவினம், விண்டோஸ் வழமையா அதை 2 மணித்தியாலத்துக்கு ஒருக்காத்தான் அனுப்பும், உங்களுக்கு உதவாது.

8902 எண்டா நீங்க கேட்ட டிவைஸ் பேர் (மெஷின் உங்கட ஸ்க்ரீனை அடையாளம் காணுற பேர்) இப்ப கிடைக்காது எண்டு அர்த்தம். லைன் செத்தது மெஷினுக்குத் தெரியாது, மெஷினில ஓடிக்கொண்டிருந்த உங்கட பழைய ஜொப் அந்தப் பேரைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது. ஒப்பரேட்டர் அதை முடிச்சு விட்டா சரி. இன்னொண்டும் பாருங்கோ, இது நான் அடிக்கடி காணுறது: செட் பண்ண வந்த பொடியன் ஒரு பீசியில ப்ரொஃபைலைச் செய்து, அதையே பென்ட்ரைவில மற்ற எல்லாத்துக்கும் கொப்பி பண்ணிப்போட்டுப் போயிருப்பான். ஆறு பீசிக்கும் ஒரே பேர், முதல் வாறவருக்கு மட்டும்தான் கதவு திறக்கும். பில் மட்டும் ஆறுக்கும் வரும்.

அப்ப பேரே குடுக்காம விட்டா என்ன எண்டு கேப்பீங்க. விடலாம், மெஷின் தானா கியூபேடெவ் (QPADEV) எண்டு தொடங்கிற ஒரு பேரும் நம்பரும் தரும், பார்க்க மட்டும் பாவிக்கிறவைக்கு அது காணும். ஆனா ரசீது அடிக்கிற கவுண்டருக்கு விடக்கூடாது. கன இடத்தில ப்ரோகிராம் டெர்மினல் பேரைப் பாத்துத்தான் எந்த பிரின்டர் எண்டு தீர்மானிக்கும், அந்த நம்பர் இண்டைக்கு உங்களுக்கு, நாளைக்கு மாத்தறைக்கு, அப்ப வவுனியாவில காசு கட்டின ஆளின்ட ரசீது மாத்தறையில அடிபடும். அதால கவுண்டர் ஸ்க்ரீனுக்கு ஒரு பேர், அதின்ட பிரின்டர் செசனுக்கு வேற பேர், ரெண்டும் நிரந்தரமா, 10 எழுத்துக்குள்ள, இங்கிலீஷ் எழுத்தில தொடங்கவேணும். ஸ்க்ரீனுக்கும் பிரின்டருக்கும் ஒரே பேரைப் போடாதேங்கோ. பீசி மாத்தினாலும் பேரை மாத்தாதேங்கோ, புது பீசியில பழைய பேரைப் போட்டிட்டு பழைய பீசியில செசனை அழிச்சு விடுங்கோ.

விபிஎன் கரைச்சல், இன்டர்நெட்டில நேரா டெல்நெட்டின்ட 23ஆம் போர்ட்டை (கனெக்சன் உள்ள வாற வாசல்) திறந்து விடுவம் எண்டு ஆராவது சொன்னா அந்த ஆளை பிராஞ்சுக்குள்ளயே விடாதேங்கோ. 23ல பாஸ்வேர்ட் மறைக்காமலே போகும். விபிஎன்னுக்குள்ளயும் 992ஆம் போர்ட்டை, டிஎல்எஸ்ஸோட (எல்லாத்தையும் மறைச்சு அனுப்பிற முறை) கேளுங்கோ. பழைய எமியூலேட்டர், ஐபிஎம் ஐ அக்சஸ் ஃபோர் விண்டோஸ் சீடியைப் போட வந்தாலும் வேண்டாம், அதுக்கு சப்போர்ட் 2019 ஏப்ரலோட முடிஞ்சுது.

ஹெட் ஒபிஸுக்கு ஒரே மெயிலில எழுதுங்கோ: டைமை 120 ஆக்க, ஆறு பேருக்கும் தனித்தனிப் பேர் தர, 992ஐத் திறக்க. ஒரு போர்ட் திறக்க ஃபோர்ம் நிரப்பி மூண்டு பேரிட்ட சைன் வாங்கி, அதில ஒராள் லீவில போய் நிப்பார், அது உங்களுக்கே தெரியும். அது வரைக்கும் கதிரையை விட்டு எழும்பமுதல் சைன் ஓஃப் பண்ணி எமியூலேட்டர் செசனையும் மூடச் சொல்லுங்கோ, பேர் கையை விட்டிடும், 8902 குறையும்.