டாக்டரிடம் காட்டினால் சரியாகிவிடுமா?

அன்புள்ள அக்கா,

எனக்கு 20 வயது. விடுதி அறைத்தோழியும் நானும் ஒருவரையொருவர் விரும்புகிறோம். என் போனைப் பார்த்துவிட்டு அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. இப்போது "டாக்டர்கிட்ட காட்டினா சரியாயிடும்" என்கிறார். அடுத்த வாரம் கூட்டிப்போகிறார். இது வியாதியா அக்கா? அம்மா என்றைக்காவது ஏற்றுக்கொள்வாரா?

பெயர் வேண்டாமே.

அன்புள்ள தங்கைக்கு,

வியாதி இல்லை. உன்னை மாற்றித் தருகிறேன் என்று ஒரு டாக்டர் சொன்னால் அது தொழில் ஒழுக்கக்கேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. அதற்காக வரவே மாட்டேன் என்று அடம்பிடிக்காதே, நல்ல மனநல மருத்துவராக அமைந்தால் அவர் பேசவேண்டியது அம்மாவிடம்தான். மாற்றுகிறேன், மாத்திரை தருகிறேன் என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடு.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். மதுரையிலிருந்து இரண்டு பெண்கள், உன் வயதுதான், விஷயம் வீட்டுக்குத் தெரிந்துபோனதும் கிளம்பிச் சென்னைக்கு வந்தார்கள். மகள்களைக் காணவில்லை என்று பெற்றோர் புகார் கொடுக்க, போலீஸ் வர, வழக்கு 2021-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷிடம் போனது. அவர் எடுத்த எடுப்பில் தீர்ப்பு எழுதவில்லை. இதைப் பற்றி எனக்கே சரியான புரிதல் இல்லை என்று ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார், அப்புறம்தான் எழுதினார். எனக்கு அந்த வழக்கில் தீர்ப்பைவிட இதுதான் பெரிது. பெற்றோர்களையும் கவுன்சலிங்குக்கு அனுப்பினார்கள். அவர்கள் மனம் மாறவில்லை, மகள் ஒரு பெண்ணோடு வாழ்வதைவிடத் துணையே இல்லாமல் இருப்பது கௌரவம் என்றுதான் நினைத்தார்கள். கேட்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் உன்னிடம் மறைக்க எனக்கு மனசில்லை.

சட்டம் படித்த ஒரு நீதிபதிக்கே பாடம் கேட்க வேண்டியிருந்தது. உன் அம்மாவுக்கு அதைச் சொல்லித்தர யார் இருக்கிறார்கள்? அவருக்கு நேரம் கொடு, வருஷக்கணக்கில்கூட ஆகலாம். ஆனால் அந்த நேரத்துக்கு ஈடாகப் படிப்பை நிறுத்துவது, அவசரக் கல்யாணம் என்று எதற்கும் தலையாட்டாதே. தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377-ஆவது சட்டப்பிரிவு, மனமொத்த வயதுவந்தவர்களுக்குப் பொருந்தாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு நீ குற்றவாளியும் இல்லை. (உங்கள் திருமணத்தைச் சட்டம் இன்னும் ஏற்கவில்லை, அது வேறு சண்டை.)

ஒன்று கேட்கட்டுமா? கடிதம் முழுக்க அம்மாதான் இருக்கிறார். அந்தப் பெண் என்ன சொல்கிறாள், அவள் வீட்டுக்குத் தெரியுமா? அடுத்த கடிதத்தில் அவளைப் பற்றி எழுது.