தந்திக்காரர் பதில்கள்: பேய்க்கப்பலில் ஓர் இரவு

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகன் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ‘மேன் ஆஃப் மேடான்’ என்று ஒரு பேய்க்கப்பல் வீடியோ கேம் ஆடுகிறான். நடுநடுவே அலறல் சத்தம். தடுத்துவிடட்டுமா? – ஒரு வாசகி, மன்னார்குடி

தடுப்பதற்கு முன்னால் ஒரு நாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள் அம்மா. நானும் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். தீபாவளிக்கு வந்த பேரன் எங்கள் வெளிப்பாளையம் வீட்டு டிவியில் அதைப் போட்டான். இங்கிலாந்தின் சூப்பர்மாசிவ் கேம்ஸ் செய்தது, 2019இல் வந்தது. தென் பசிபிக் கடலில் முக்குளிக்கப் போகிற ஐந்து பேர் கொள்ளையர் கையில் சிக்கி, ஒரு பாழடைந்த கப்பலில் மாட்டிக்கொள்கிறார்கள். மேற்கொண்டு கதையை நாம்தான் ஓட்ட வேண்டும். திரையில் இரண்டு பதில் வரும், சில நொடிதான் அவகாசம். வாயே திறக்காவிட்டால் அதுவும் ஒரு பதில்! ஐந்து பேரும் பிழைக்கலாம், ஐந்து பேரும் சாகலாம்.

ஒரே கன்ட்ரோலரைக் கைமாற்றி ஐந்து பேர் வரை ஆட வசதி உண்டு. ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டோம். ஒளிந்திருக்கும் கட்டங்களில் திரையில் இதயம் துடிக்கும். அந்தத் துடிப்புக்குச் சரியாகப் பட்டனைத் தட்ட வேண்டும், தப்பினால் மாட்டிக்கொள்வோம். மருமகளுக்குக் கை நடுங்கிவிட்டது. நான் 1973இல் தந்தி ஆபீசில் சேர்ந்து, புள்ளியும் கோடுமாகத் தட்டிச் செய்தி அனுப்பும் மோர்ஸ் பழகியவன். ஒரு துடிப்புகூடத் தவறவில்லை. “தாத்தா, இது போங்கு” என்றான் பேரன்.

அமெரிக்காவில் 17 வயதுக்கு மேல், ஐரோப்பாவில் 18க்கு மேல் என்று இதற்குத் தரம் போட்டிருக்கிறார்கள். உங்கள் பையன் வாசற்படியில் நிற்கிறான். ரத்தம் உண்டு, கெட்ட வார்த்தை உண்டு. அது சம்மதம்தானா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். பேயைப் பற்றி மட்டும் கவலை வேண்டாம். (ஆடி முடிக்காதவர்கள் இந்தப் பத்தியின் மிச்சத்தைத் தாண்டிவிடுங்கள்.) அந்தக் கப்பலில் பேயே கிடையாது. சரக்கறையில் ஏற்றியிருந்த ராணுவ ரசாயனம் கசிந்து, மூச்சில் ஏறி, இல்லாததையெல்லாம் காட்டுகிறது. கோடியக்கரைச் சதுப்பில் கொள்ளிவாய்ப் பிசாசு என்று நம் பாட்டிகள் பயமுறுத்தினார்களே, அதற்கும் சேற்றிலிருந்து கிளம்பும் வாயுதான் காரணம் என்பார்கள். நம்மூர் சமாசாரம்தான், கப்பலேறிப் போயிருக்கிறது.

கேள்வி: அந்தக் கப்பல் நிஜமாகவே இருந்ததா? – கல்லூரி மாணவர், கும்பகோணம்

‘ஓராங் மேடான்’ என்ற கப்பலைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. மலாய் மொழியில் ஓராங் என்றால் மனிதன். மேடான் சுமத்ராவில் உள்ள ஊர். 1884இல் தமிழர் கட்டிய மாரியம்மன் கோயில் இன்றும் அங்கே இருக்கிறது. சம்பவம் நடந்த இடமாகச் சொல்வது மலாக்கா நீரிணை. நாகப்பட்டினத்துக்காரனுக்கு இது தூரதேசமே இல்லை. என் பெரியப்பா ரஜூலா கப்பலில் பினாங்குக்குப் போனவர். இங்கே கரையோரம் ஆழம் போதாது. அதனால் கப்பல் தள்ளி நிற்கும். படகில் போய் ஏற வேண்டும். அதில் பாதிப் பேருக்கு வாந்தி.

சரி, கதைக்கு வருவோம். 1947 என்பார்கள், 1948 என்பார்கள். அந்தக் கப்பலிலிருந்து ஆபத்துச் செய்தி வந்ததாம்: கேப்டன் உட்பட அதிகாரிகள் எல்லாரும் செத்துவிட்டார்கள், வரைபட அறையிலும் கப்பலை ஓட்டும் மேடையிலும் கிடக்கிறார்கள் என்று. அப்புறம் புரியாத தட்டல்கள். கடைசியாக ‘ஐ டை’ – சாகிறேன். உதவிக்குப் போனவர்கள் பார்த்தது பிணங்களை. அப்புறம் தீப்பிடித்து, வெடித்து மூழ்கிவிட்டதாம். 1952இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் இதழே இந்தக் கதையைப் போட்டது. ஆனால் கப்பல்களுக்கெல்லாம் ஜாதகம் வைத்திருக்கும் லாயிட்ஸ் பதிவேட்டில் தேடியவர்களுக்கு அப்படி ஒரு பெயர் கிடைக்கவில்லை.

தந்திக்காரனாக ஒன்று சொல்கிறேன். ‘ஐ டை’ என்பதை மோர்ஸில் அடித்துப் பாருங்கள். ஏழு புள்ளி, ஒரே ஒரு கோடு. விரலில் கடைசிச் சொட்டு உயிர் இருந்தாலும் அடித்துவிடலாம். அதுவரை நம்புவேன். அதற்கு முன்னால், சுற்றிலும் பிணம் கிடக்க, யார் எந்த அறையில் கிடக்கிறார்கள் என்று விலாவாரியாக அடித்த அந்த ஆளைத்தான் நம்ப முடியவில்லை. நாங்கள் வார்த்தைக்குக் காசு எண்ணி வாங்கியவர்கள்.

கேள்வி: ஐந்து பேரையும் காப்பாற்ற ஒரு வழி சொல்லுங்கள். – ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி

என்னையா கேட்கிறீர்கள்? எங்கள் வீட்டில் முதல் ஆட்டத்திலேயே இரண்டு பேர் காலி. ஒன்று மட்டும் சொல்லலாம்: பட்டனைத் தட்டு, அடி என்று திரை அவசரப்படுத்தும்போதெல்லாம் அடித்துவிடாதீர்கள். பேய் என்று நினைத்து நான் ஓங்கி ஒன்று போட்டேன். புகை விலகிப் பார்த்தால் அது பேரனுடைய ஆள். மறுநாள் காலை இட்லி தட்டுக்கு வரும்வரை பையன் என்னோடு பேசவில்லை.