ஆள் எடுப்பதும் ஆளை அனுப்புவதும் மட்டும்தான் ஹெச்ஆர் வேலையா?

"மனித வள மேலாண்மையின் அடிப்படைப் பணிகள் யாவை? ஆள் எடுப்பது, ஆளை அனுப்புவது, நடுவில் பிறந்தநாள் கொண்டாட்டம் நடத்துவது தவிர ஹெச்ஆர் வேறென்ன செய்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் வரி பரீட்சைக்குப் படிப்பவர் எழுதியதுபோல் இருக்கிறது. இரண்டாம் வரியைப் பார்த்தால் ஏதோ ஓர் அலுவலகத்தில் ஹெச்ஆரிடம் மனம் நொந்தவர் என்று தோன்றுகிறது. அந்த வரி என்னைச் சுட்டது. என் உழைப்பு முழுவதும் இந்தத் துறையில்தான் போயிருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன்.

பாடப்புத்தகப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். எத்தனை பேர், எப்போது, எந்தத் திறமையோடு தேவை என்று திட்டமிடுவது, பணிப் பகுப்பாய்வு, ஆட்சேர்ப்பு, தேர்வு, பயிற்சி, செயல்திறன் மதிப்பீடு, அதாவது அப்ரைசல், ஊதியம், சலுகைகள், பணியிடப் பாதுகாப்பும் நலனும், தொழிலாளர் உறவும் குறைதீர்ப்பும், கடைசியில் பணிவிலகல். சில நூல்கள் இவற்றைச் செயற்பணிகள் என்று ஒருபுறம் வைத்து, திட்டமிடல், ஒழுங்கமைத்தல், வழிநடத்தல், கட்டுப்படுத்தல் ஆகிய நான்கையும் நிர்வாகப் பணிகள் என்று தனியே பிரிக்கும். மதிப்பெண்ணுக்கு இவ்வளவு போதும்.

இப்படி வரிசையாக எழுதும்போது ஒவ்வொன்றும் தனித்தனி வேலை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. என் அனுபவத்தில் இவை எல்லாமே பணிப் பகுப்பாய்வு என்ற ஒன்றில்தான் தொங்குகின்றன. ஒரு வேலையில் இருப்பவர் நிஜத்தில் என்ன செய்கிறார், அதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், எதை வைத்து அவர் நன்றாகச் செய்தார் என்று சொல்வது என்பதைக் கண்டறிவதுதான் அது. வகுப்பில் அதை ஓரிரு வரியில் கடந்துவிடுகிறார்கள். நிறுவனங்களிலோ, வேறு யாரோ போட்ட விளம்பரத்திலிருந்து பணி விவரத்தை அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்கிறார்கள்.

நான் இருந்த ஒரு நிறுவனம் இயந்திரங்களை விற்கும். விற்ற இடத்துக்கே போய்ப் பழுதும் பார்த்துக் கொடுக்கும். பெயர் வேண்டாம், அங்கே நல்லவர்களும் இருந்தார்கள். வெளியே சுற்றும் டெக்னீஷியன்களை நம்பித்தான் மொத்த வியாபாரமும் நடந்தது. ஆனால் அவர்கள் நிலைக்கவே மாட்டார்கள். வேலை பிடிபடுகிற சமயத்தில் பேப்பர் போட்டுவிடுவார்கள். நிர்வாகக் கூட்டத்தில் மாதாமாதம் ஒரே கேள்விதான் வரும்: "ஹெச்ஆர் ஏன் நல்ல ஆளாகப் பார்த்து எடுப்பதில்லை?" சர்வீஸ் பிரிவின் தலைவர் சம்பளத்தைக் கூட்டி இன்னும் ஆள் எடுங்கள் என்பார். கணக்குப் பிரிவு சம்பளத்தைத் தொடாமல் இன்னும் ஆள் எடுங்கள் என்னும். ஆள் ஏன் போகிறான் என்று இருவருமே கேட்கவில்லை.

விலகியவர்களின் எக்ஸிட் இன்டர்வியூ படிவங்களைப் புரட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் "சொந்தக் காரணம்" அல்லது "நல்ல வாய்ப்பு". ரிலீவிங் லெட்டர் கைக்கு வருகிறவரை எவரும் உண்மையை எழுத மாட்டார்கள். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் எழுத மாட்டேன். படிவங்களை மூடி வைத்துவிட்டு டெக்னீஷியன்களோடு வெளியே கிளம்பினேன்.

அவர்களுடைய பணி விவரத்தில் "இயந்திரங்களை நிறுவுதல், பராமரித்தல், பழுது நீக்குதல்" என்று இருந்தது. நான் கண்டது வேறு. உதிரிபாகத்துக்காகக் கிடங்குக்கு ஃபோன் மேல் ஃபோன் போட்டுக் காத்திருக்கிறார்கள். விற்பனைப் பிரிவு கொடுத்த வாக்குறுதிகளுக்காக வாடிக்கையாளரிடம் இவர்கள் திட்டு வாங்குகிறார்கள். பழைய பில் பாக்கியை வசூலித்து வரச் சொல்லி அனுப்புகிறார்கள். எல்லாம் முடிந்தபின் நின்ற இடத்திலேயே செயலியில் விவரம் ஏற்ற வேண்டும். ஸ்பேனரைக் கையில் எடுத்த நேரம் நாளில் பாதிகூடத் தேறாது.

எல்லோரும் அண்ணா என்று கூப்பிடும் மூத்த டெக்னீஷியன் ஒருவர் இருந்தார். அவர் சொன்னது: "மேடம், ஒரு மெஷினை முழுசா பிரிச்சுப் பார்த்தா நேரம் ஆகும். அன்னிக்கு முடிச்ச புகார் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைஞ்சா இன்சென்டிவ் போச்சு. மேலோட்டமா பார்த்துட்டு ஓடுற பையனுக்குத்தான் அவார்டு. அவன் பார்த்த மெஷின் மறுபடி நின்னா அது புதுப் புகார். போய் முடிச்சா அதுக்கும் ஒரு எண்ணிக்கை."

இதைக் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஆட்சேர்ப்பு, பயிற்சி, அப்ரைசல், இன்சென்டிவ் என்று எல்லாம் அங்கே நடந்துகொண்டுதான் இருந்தன. அத்தனையும் காகிதத்தில் மட்டும் இருந்த ஒரு வேலைக்காக நடந்தன. தொழில்நுட்பம் தெரிந்தவரைத் தேர்ந்தெடுத்து வசூலுக்கு அனுப்பினோம். இயந்திரத்தைப் பற்றி மட்டும் பயிற்சி கொடுத்துவிட்டு, கோபத்தில் இருக்கும் மனிதரின் முன்னால் நிறுத்தினோம். நன்றாகப் பழுதுபார்த்தவருக்கு மதிப்பெண்ணைக் குறைத்தோம்.

பணி விவரத்தை டெக்னீஷியன்களோடு உட்கார்ந்து புதிதாக எழுதினேன். வசூலைக் கணக்குப் பிரிவுக்கு மாற்ற வேண்டும் என்று கேட்டபோது பெரிய சண்டை. அது நடந்தேற நெடுநாள் பிடித்தது. அப்ரைசலில் முடித்த புகார்களின் எண்ணிக்கை முதலிடத்திலிருந்து இறங்கியது. அதே இயந்திரம் அதே கோளாறோடு குறிப்பிட்ட காலத்துக்குள் திரும்பி வந்ததா என்பது மேலே வந்தது. இன்சென்டிவும் அதன்படி மாறியது. நேர்காணலுக்கு வருகிறவர்களிடம், வேலையில் கஷ்டமான பகுதிகள் இவை என்று முன்கூட்டியே சொல்லத் தொடங்கினோம். சிலர் அங்கேயே வேண்டாம் என்று எழுந்து போனார்கள். சேர்ந்து சில மாதத்தில் போவதைவிட அது இரு தரப்புக்கும் நல்லது. விலகல் நின்றுவிட்டது என்று கதை விட மாட்டேன். சேர்ந்த சூட்டோடு ஓடுவது கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது. வெளியே வேலைச் சந்தை மந்தமாக இருந்ததால்தான் குறைந்தது என்று சர்வீஸ் தலைவர் சொன்னார். அதற்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம். ஆனால் ஒரே கோளாறோடு திரும்பி வரும் புகார்களும் குறைந்தனவே, அதற்கு வேலைச் சந்தை எப்படிக் காரணமாகும்?

"சம்பளத்தை ஒழுங்காகக் கொடுத்தால் நிற்கப் போகிறார்கள், இவ்வளவு எதற்கு?" என்று கருத்துப் பெட்டியில் ஒருவர் நிச்சயம் எழுதுவார். அவருக்காக ஃபோர்டு கதையைச் சொல்கிறேன். 1913இல் சுமார் 14,000 பேர் கொண்ட தொழிற்படையைத் தக்கவைக்க ஃபோர்டு நிறுவனம் அந்த ஒரே ஆண்டில் 52,000 பேருக்கு மேல் வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் நாளுக்கு 5 டாலர் என்று அறிவித்தார்கள். வேலைநேரம் 9 மணியிலிருந்து 8 மணியானது. விலகல் சரசரவென இறங்கியது. சம்பளம் வேலை செய்யும். அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் தொழிலாளிகள் ஏன் அப்படி வேலையை விட்டு ஓடினார்கள் என்று பாருங்கள். அதே 1913இல்தான் நகரும் அசெம்பிளி லைன் வந்தது. கைத்திறனோடு செய்த வேலை, நின்ற இடத்தில் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதாக மாறியது. வேலை சகிக்க முடியாததாக ஆனதற்கான விலையைத்தான் சம்பளமாகக் கொடுத்தார்கள். அந்த 5 டாலரும் நிபந்தனையோடு வந்தது. அதில் ஏறக்குறைய பாதி லாபப் பங்கு என்ற பெயரில் இருந்தது. அதற்குத் தகுதியா என்று பார்க்க நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தொழிலாளிகளின் வீட்டுக்கே போய் விசாரித்தார்கள்.

நேர்காணலைப் பற்றியும் சொல்ல வேண்டும். "ஆளைப் பார்த்தவுடனே எடைபோட்டுவிடுவேன்" என்று பெருமை பேசாத மேலாளரை நான் சந்தித்ததில்லை. ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 85 ஆண்டுக் கால ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் வெளியிட்ட கட்டுரையில், எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணல், வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்காணலைவிட வேலைத் திறனை நன்றாகவே கணிக்கிறது என்று காட்டினார்கள். 2022இல் பால் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் அந்தக் கணக்கைத் திருத்தி எழுதியபோது பல எண்கள் இறங்கின. ஒழுங்குபடுத்தப்பட்ட நேர்காணல் அப்போதும் உச்சியில் இருந்தது. ஆனால் அந்தக் கேள்விகளைத் தயாரிக்க வேலை என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். மறுபடி அங்கேதான் வந்து நிற்கிறோம்.

நேர்காணல் என்றதும் எனக்கு ஆறாத ஒரு குறை. கேள்விக்குத் தொடர்பில்லை என்றாலும் சொல்லாமல் போக முடியாது. மூன்று சுற்று நேர்காணல் வைத்து, வீட்டிலிருந்து செய்து வரச் சொல்லி ஒரு வேலையும் கொடுத்து வாங்கிக்கொண்டு, அதன்பின் ஆம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அந்த மனிதர் நாள்தோறும் மின்னஞ்சலைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். தெரிந்தவர்களிடம் "வந்துவிடும்" என்று சொல்லியிருப்பார். இரண்டு வரி எழுதி அனுப்ப எந்த ஹெச்ஆருக்கும் நேரமில்லாமல் இல்லை. தேர்வாகாதவர்களுக்குப் பதில் போன பிறகுதான் தேர்வானவரின் சேர்க்கைக் கோப்பை மூட வேண்டும் என்று என் பிரிவில் விதியே வைத்திருந்தேன். இது வேகத்தைக் குறைக்கிறது என்று என்னிடம் குறைப்பட்டார்கள். குறையட்டும்.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். பயிற்சியைப் பற்றி ஒன்று. பயிற்சியின் பலனை மதிப்பிட டொனால்ட் கிர்க்பேட்ரிக் 1959இல் எழுதத் தொடங்கிய நான்கு படிகள் இன்றும் பயன்படுகின்றன: பயிற்சி பிடித்ததா, கற்றுக்கொண்டாரா, வேலையில் நடந்துகொள்ளும் விதம் மாறியதா, அதனால் நிறுவனத்துக்கு என்ன பலன். பெரும்பாலோர் கடைசி நாளில் கருத்துப் படிவத்தை வாங்கிக்கொண்டு முதல் படியோடு நின்றுவிடுகிறார்கள். அப்ரைசலில், எல்லோரையும் கட்டாயமாக வரிசைப்படுத்தி ஒரு பகுதியினரைக் கடைசியில் தள்ளும் முறை நெடுங்காலம் பெரிய நிறுவனங்களில் கோலோச்சியது. மைக்ரோசாஃப்ட் அதை 2013இல் கைவிட்டது. நன்றாக வேலை செய்த பத்துப் பேர் ஒரே குழுவில் இருந்தாலும் ஒருவரை மோசம் என்று எழுதியே ஆக வேண்டும் என்றால், அங்கே யார் யாருக்குக் கற்றுக்கொடுப்பார்கள்?

ஊதியத்திலும் இதே கதைதான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 100ஆம் உடன்படிக்கை, 1951இல் வந்தது, சம மதிப்புள்ள வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்கிறது. ஒரே வேலைக்கு என்று மட்டும் அது நின்றுவிடவில்லை. இரண்டு வெவ்வேறு வேலைகள் சம மதிப்புள்ளவையா என்று தீர்மானிக்க, அவற்றில் என்னென்ன செய்கிறார்கள் என்பதை நேர்மையாக எடைபோட வேண்டும். பகுப்பாய்வு செய்யாத நிறுவனத்தில் சம ஊதியம் என்பது சுவரில் மாட்டிய வாசகம்தான்.

இனி, "என்ன சொன்னாலும் ஹெச்ஆர் முதலாளியின் ஆள்தானே" என்பவர்களுக்கு. ஆம், சம்பளம் நிறுவனம்தான் தருகிறது. நான் தொழிற்சங்கம் இல்லை, அப்படி வேஷம் போடவும் கூடாது. ஆனால் இந்தத் துறை எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். அமெரிக்காவில் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனம், 1901இல் நடந்த கடும் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, தொழிலாளர் குறைகள், பணிநீக்கம், பாதுகாப்பு ஆகியவற்றைக் கவனிக்கத் தனிப் பிரிவு தொடங்கியது. இத்துறையின் தொடக்கங்களில் ஒன்றாக அதைத்தான் சொல்வார்கள். அதுவரை மேஸ்திரி நினைத்தால் ஆளைச் சேர்க்கலாம், நினைத்தால் விரட்டலாம். அந்தக் கட்டற்ற அதிகாரத்துக்குக் கடிவாளம் போடத்தான் இந்த மேசை வந்தது.

ஆளை அனுப்புவதும் அப்படித்தான். அதே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 158ஆம் உடன்படிக்கை, 1982இல் வந்தது, தகுந்த காரணம் இல்லாமல் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. நடத்தை அல்லது செயல்திறனைக் காரணம் காட்டி நீக்குவதானால், குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல அவருக்கு முதலில் வாய்ப்புத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. பல நாடுகள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் நான் பிடிவாதமாக அதைக் கடைப்பிடித்தேன். "இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்" என்று மேலாளர் வந்து நின்றால், என்ன எதிர்பார்த்தீர்கள், அதை அவரிடம் எப்போது சொன்னீர்கள், எழுத்தில் இருக்கிறதா என்று கேட்பேன். பல முறை அங்கேயே பேச்சு முடிந்திருக்கிறது. இப்படித் தடுத்து நிறுத்தியவை யாருக்கும் தெரியாது. அனுப்பிய கடிதத்தில் இருக்கும் என் கையெழுத்து மட்டும்தான் எல்லோருக்கும் தெரியும்.

நீங்கள் இப்போது வேலையில் இருப்பவரானால், உங்கள் ஹெச்ஆரிடம் உங்கள் பணி விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். கடைசியாகத் திருத்திய தேதியைப் பாருங்கள். நீங்கள் நிஜத்தில் செய்கிற வேலைகளை அதன் பக்கத்தில் எழுதி, அடுத்த அப்ரைசலில் இலக்குகளை முடிவு செய்வதற்கு முன்பே மேலாளருக்கும் ஹெச்ஆருக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். இலக்கு முடிவானபின் அனுப்பினால் அந்த ஆண்டுக்குப் பயன்படாது. அப்படி ஒரு தாளே இல்லை என்று சொன்னால், நீங்களே எழுதிக்கொடுங்கள். அதை வாங்கிப் பார்க்கிற ஹெச்ஆர் நிச்சயம் எங்காவது இருக்கிறார். நான் வாங்கிப் பார்த்திருக்கிறேன்.